பேராசிரியர் டெட்லோவின் முத்திரையிட்ட உறை

லிவர்பூல், 1908 ஏப்ரல் 14, செவ்வாய்க்கிழமை, மாலை 4 மணி 10 நிமிடம்.

நினைவுக் கூட்ட நிகழ்ச்சி நிரல், எண் 5: மறைந்த பேராசிரியர் ஆம்ப்ரோஸ் டெட்லோ குறித்துச் செயலாளர் ஹோரேஸ் பெண்டில்பரி ஆற்றும் உரை

தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சான்றோரே, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி டெட்லோ அவர்களே, மெர்ஸி உளநிகழ்வு ஆய்வுக் கழகத்தின் உறுப்பினர்களே!

முதலில் ஒரு திருத்தம். நம் பேராசிரியர் பிப்ரவரி பத்தாம் தேதி மறைந்தார் என்று ஒரு நாளேடு எழுதியது. தவறு. பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். ஒரு தேதி பிசகினாலே ஆய்வுக் குறிப்பைக் கிழித்துப் போட்டவரை, தவறான தேதியில் வழியனுப்பலாமா?

வேதியியலில் அவர் பெற்ற பட்டங்களைத் தலைவர் எடுத்துரைத்தார். நான் வேறு டெட்லோவைச் சொல்கிறேன். ஆவிகள் தட்டும் மேசைக்கு அடியில், அளவுகோலும் கையுமாய்த் தவழ்ந்த டெட்லோவை!

1887 நவம்பர் 9, புதன்கிழமை. பர்க்கன்ஹெட்டில் குவில்டர் என்ற பெண்மணியின் வீடு. அவர் கையைத் தூக்கினால் மேசை எழும்பும் என்பது ஊர்ப் பேச்சு. மேசையும் எழும்பியது. உடனிருந்தவர்கள் முகம் வெளுத்தார்கள். விளக்கைத் தூண்டியபோதுதான், பேராசிரியர் முன்னதாகவே தரையில் கோதுமை மாவு தூவி வைத்திருந்தது எங்களுக்கே தெரிந்தது. அவர் குரலை உயர்த்தினாரா? இல்லை. "அம்மா, உங்க செருப்பு நுனியில மாவு ஒட்டியிருக்கு. பரவாயில்ல, உக்காருங்க, டீ ஆறிப்போகுது" என்றார். அந்த அம்மையார் அழுதார். பிறகு டீ குடித்தார்.

பிறர் செய்த ஏமாற்றை மட்டுமா அவர் வெளிப்படுத்தினார்? தம் பிழையையும் வெளிப்படுத்தினார். ஆவி வந்தபோது அறையின் வெப்பம் நான்கு பாகை குறைந்தது என்று 1891 மார்ச்சில் அச்சிட்டார். அந்த வீட்டின் நிலவறைக் கதவு திறந்திருந்தது என்று மே மாதம் அறிந்தார். அந்த வாரமே, இதே மண்டபத்தில், இருநூறு பேர் முன் எழுந்து நின்று அதைத் திரும்பப் பெற்றார். கல்லூரியின் சக ஆசிரியர்கள் அவர் நாற்காலியில் எலும்புக்கூட்டை உட்கார வைத்துச் சிரித்தார்கள். அவர் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்தினார்.

அன்பர்களே, இனி நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கும் செய்திக்கு வருகிறேன்.

1899 ஜூன் 3, சனிக்கிழமை, பேராசிரியர் ஒரு வாக்கியம் எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்துக் கழகத்தின் இரும்புப் பெட்டியில் சேர்த்தார். தாம் இறந்த பிறகு, முடிந்தால், ஆவியோடு பேசுவோர் எவர் வழியாகவேனும் அவ்வாக்கியத்தை நமக்கு அனுப்புவதாகச் சொன்னார். வந்த செய்தியும் உறையும் ஒத்திருந்தால், மரணத்துக்குப் பின்னும் மனம் வாழ்கிறது என்பதற்குச் சான்று. ஒரே நிபந்தனை: உயிரோடிருக்கும் எவரும் அவ்வாக்கியத்தை அறிந்திருக்கக் கூடாது. அறிந்திருந்தால், அவர் மனத்திலிருந்தே ஆவியோடு பேசுவோர் மனத்துக்குச் செய்தி கசிந்திருக்கலாம், சோதனை செல்லாது. இது நம் ஒன்பதாம் விதி. எழுதியவர் டெட்லோ.

அவர் மறைந்த ஆறு வாரங்களில் பதினேழு பேர் செய்தி வந்ததாக எனக்குக் கடிதம் எழுதினார்கள். உறையோ பிரிக்கப்படவில்லை.

மார்ச் 26, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குத் திருமதி டெட்லோ என் வீட்டுக்கு வந்தார். இனி நான் சொல்வதெல்லாம் அவர் அனுமதியோடு சொல்வது.

அவர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. உறைக்குள் இருப்பது தமக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும் என்றார். அன்று கணவர் எழுதி முடித்ததும் ஈர மையின் மேல் மையொற்றுத்தாளை அழுத்தியிருக்கிறார். உறைக்கு இரண்டு முத்திரை, பெட்டிக்கு இரண்டு பூட்டு. மையொற்றுத்தாளோ மேசை மேலேயே கிடந்தது! மேசையைத் துடைக்க வந்த மனைவி அதைக் கண்ணாடியில் காட்டிப் படித்துவிட்டார். "நீல ஜாடியில் இருப்பது உப்பு." 1882இல், மணமான முதல் வாரத்தில், லண்டட்னோ கடற்கரையூரில், கணவரின் டீயில் அவர் சர்க்கரை என்று போட்டது உப்பு. பேராசிரியர் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தாராம்.

உடனே கடிதக் கட்டைப் பிரித்தேன். ஏன் தெரியுமா? பதினேழு கடிதங்களில் ஒன்று, செஸ்டரில் ஆவியோடு பேசும் ஒரு பெண்மணி எழுதியது, இப்படிச் சொன்னது: "ஒரு நீல ஜாடி. உப்பு. அவர் சிரிக்கிறார்."

அக்கடிதத்தை அவரிடம் நீட்டினேன். படித்தார். செஸ்டர் பெண்மணியை அவர் கண்டதில்லை, பெயரும் கேட்டதில்லை.

நண்பர்களே, முப்பது ஆண்டுகளாக நாம் தேடியது என் மேசை மேல் கிடந்தது! அதைச் செல்லாததாக்கியது, தமக்கு முன்பே தெரியும் என்று திருமதி டெட்லோ சொன்ன ஒரு சொல். நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், வாய் திறந்து கேட்டேன்: "அம்மா, நீங்க படிச்சது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டுமே?"

"அவரு சிரிக்கிறாருன்னு எழுதியிருக்கு, மிஸ்டர் பெண்டில்பரி. அது நெசமா இருக்கணும்னு என்னைவிட யாருக்கு ஆசை இருக்கும்?" என்றார் அவர். பிறகு எழுந்தார். "ஆனா நான் இருபத்தாறு வருஷம் அவருக்குப் பொண்டாட்டி. நீங்க வெறும் செயலாளர். ஒன்பதாம் விதியை எடுத்துப் படிங்க."

படித்தேன். உரக்கவே படித்தேன். ஆகவே இம்மன்றத்தில் அறிவிக்கிறேன்: டெட்லோ சோதனை செல்லாது.

இதனால் நாம் தோற்றோமா? இல்லை! செல்லாததைச் செல்லாதது என்று சொல்லும் துணிவுதானே அவர் கட்டிய கழகம்? நமக்குச் சான்று வேண்டும். ஆறுதலைச் சான்றென்று பெயரிட மாட்டோம். பணி தொடரும். அதே கண்டிப்போடு தொடரும். அதற்கு இன்றே தொடக்கம் என்ற உறுதியோடு, இவ்வுரையுடன் தலைவர் அவர்களிடம் ஒப்படைப்பவை:

1. பேராசிரியரின் உறை. இன்று காலை 11 மணிக்குத் தலைவர் முன்னிலையில் பிரிக்கப்பட்டது. வாக்கியம் திருமதி டெட்லோ சொன்னபடியே உள்ளது.

2. பதினேழு கடிதங்கள். செஸ்டர் கடிதத்தின் மேல் 'செல்லாது' என்று என் கையால் எழுதியுள்ளேன்.

3. திருமதி டெட்லோ கையொப்பமிட்ட வாக்குமூலம், இரண்டு பக்கம்.

4. புதிய சோதனைக்காக என் முத்திரையிட்ட உறை, ஏப்ரல் 12. எனக்கு வயது எழுபத்து மூன்று, தனியாக வாழ்கிறேன், மையொற்றுத்தாள் தேவைப்படாதபடி பென்சிலால் எழுதினேன்.

5. இன்னொரு முத்திரையிட்ட உறை, ஏப்ரல் 13. திருமதி டெட்லோவுடையது. அவரே கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே இருப்பதை வேறு எவரும் அறியார்.