ஹம்சினியின் ஓட்டு

வெயில் தாழ்ந்து வந்திருக்கலாம், வக்கீல் சார். லேக் கார்டன்ஸில் மூன்று மணிக்கு நாய்கூட நடமாடாது. ஃபேனுக்கு நேராக உட்காருங்கள். ஹம்சினி மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். என் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. அவள் வருவதற்குள் பேசி முடித்துவிடலாம்.

இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்தான். நம் சட்டம் தெளிவாக இருக்கிறது. இன்னொரு நாட்டின் குடியுரிமையை வாங்கிய அன்றே நம்முடையது போய்விட்டது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவர்கள் கொடுக்க மாட்டார்கள். பீரோவில் கிடக்கும் பழைய பட்டுப்புடவை மாதிரி, கட்டவும் மனசில்லை, கொடுக்கவும் மனசில்லை. அங்கே கையைத் தூக்கி மன்னருக்கு விசுவாசம் சொல்வது, இங்கே டம்டம் ஏர்போர்ட்டில் வந்து இறங்கியதும் மூக்கைச் சுளிப்பது. நான் பெற்ற ஹம்சினியும் அந்த ரகம்தான். டொரன்டோவில் பிரமாணம் எடுத்து நாலு வருஷம் ஆகியும் பழைய பாஸ்போர்ட் அவள் கைப்பையில்தான் இருந்தது. "நேரமே கிடைக்கலப்பா" என்றாள். மாரத்தான் ஓட நேரம் இருந்தது.

அவள் அம்மா போய் வருஷம் திரும்பியதும் வருஷாப்திகத்துக்கென்று மூன்று வாரம் லீவில் வந்தாள். ஆறு வயது அக்ஷயை அங்கே அவன் அப்பாவிடம் விட்டிருந்தாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாளே ஒரு வண்ணப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். கோயம்புத்தூரில் முதியோருக்கான குடியிருப்பு.

"டாக்டர், நம்மாத்துச் சாப்பாடு, பேச்சுத் துணை எல்லாம் இருக்குப்பா. நீங்க இங்க தனியா என்ன பண்ணுவேள்?"

நன்றாக யோசித்திருக்கிறாய் என்றேன். அதற்கு அடுத்த வாரம் தேர்தல்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தேர்தலன்று காலை ஏழு மணிக்குள் குளித்துவிட்டுக் குடும்பமாகப் போய் ஓட்டுப் போடுவோம். பிறகு கடையில் கச்சோரி. என் மனைவி சுப்புலக்ஷ்மி கடைசி வருஷம்கூடச் சக்கர நாற்காலியில் வந்தாள். அன்று ஹம்சினியையும் புறப்படச் சொன்னேன்.

"எனக்கு ஓட்டு கிடையாதுப்பா. நான் இப்போ கனடாக்காரி. தப்பாயிடும்."

"பட்டியல்ல உன் பேர் இருக்கு. பேர் இருந்தா உரிமை இருக்கு. முப்பத்தேழு வருஷம் கவர்ன்மென்ட்ல இருந்தவன் சொல்றேன். அம்மாக்காக வா."

அவள் படித்தவள்தான். ஆனால் அரசாங்க உத்தியோகஸ்தரின் பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. ஃபாரம், விதி, முத்திரை என்று வந்துவிட்டால் அப்பா சொன்னதுதான் கெஜட். மறுபேச்சுப் பேசாமல் அம்மாவின் டாங்காயில் கைத்தறிப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சாவடி வாசலில் நின்ற பேட்டைப் பையன்கள், "மேஷோமோஷாய், தீதி எப்போ வந்தாங்க?" என்று பெங்காலியில் மாமா, அக்கா முறை வைத்து விசாரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மை வைத்த விரலோடு அவளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தேன்.

அவள் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு போலீஸ் வந்தது. அந்நிய நாட்டுக்காரி இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்திருக்கிறாள், பொய்க் கையெழுத்துப் போட்டுப் பட்டியலில் பெயரைத் தக்கவைத்திருக்கிறாள், ஓட்டும் போட்டிருக்கிறாள் என்று யாரோ பெயரில்லாமல் எழுதியிருந்தார்கள். அவளுடைய கனடாச் சான்றிதழின் நகலும் விரலின் போட்டோவும் கூடவே இருந்தன. இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு முடியும்வரை ஊரைவிட்டுப் போகக்கூடாது. பதினோரு மாதம் ஆகிறது.

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம். அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. ஒரே ஒரு சின்ன விஷயம், அந்தக் கையெழுத்து அவளுடையதல்ல. பட்டியல் திருத்தத்துக்கு ஃபாரம் கொண்டுவந்த அம்மாளிடம், மகள் உள்ளே தூங்குகிறாள் என்று சொல்லி, அறைக்குள் போய் நானே போட்டுக்கொண்டு வந்தேன். அன்று அவள் டொரன்டோவில் இருந்தாள்.

கோயம்புத்தூர் கோபத்தில் செய்தேன் என்று எழுதத் தோன்றும் உங்களுக்கு. தேதி இடிக்கும் சார். ஃபாரம் போனது அவள் அந்தப் புத்தகத்தைக் காட்டுவதற்கு ஐந்து மாதம் முன்பு. சுப்புலக்ஷ்மி போய்ப் பதினாலாம் நாளே இவள் விமானம் ஏறினாளே, டாக்ஸியின் கதவைச் சாத்தும்போது "டேக் கேர்ப்பா" என்று ஆங்கிலத்தில் சொன்னாளே, அன்றைக்கே யோசித்து வைத்ததுதான்.

பேரனைக் கேட்கிறீர்கள். ஆரம்பத்தில் தினமும் போனில் அழுதான். இவளும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். இப்போது அவன் போனுக்கே வருவதில்லை. குழந்தைகள் பழகிவிடுவார்கள். இவளும் பழகிவிட்டாள், ரசம்கூட அவள் அம்மா வைப்பதுபோலவே வருகிறது.

கோர்ட்டில் இதைச் சொன்னால் அவளை விட்டுவிடுவார்கள் என்கிறீர்கள். சொல்வேன். எனக்கு எழுபத்தாறு வயது; என் காலம் முடிந்ததும் நீதிபதியிடம் கொடுங்கள் என்று இப்போதே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சட்டத்தை மதிப்பவன் செய்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். தனியாக இருக்கப் பயந்து செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு எதற்குப் பயம்? அவள்தான் இங்கேயே இருக்கிறாளே.