ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு வழி

எனக்கு அரைகுறை வாக்கியங்களைக் கண்டாலே ஆகாது. ஆதாரமில்லாமல் ஒருவர் பேசினால் சுருக்கென்று கோபம் வரும். இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்த முதியோர் இல்லத்தைப் பற்றிய பக்கத்தைப் பதினோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன், ஐயா. சம்பளம் கிடையாது. யார் எதைச் சேர்த்தாலும் ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடும். மேற்கோள் இல்லையென்றால் தயவுதாட்சண்யம் பார்க்காமல் நீக்கிவிடுவேன்.

போன வருடம் யாரோ ஒரு வரி சேர்த்தார்கள். இரண்டாம் மாடியின் பின்படிக்கட்டுக் கதவு எப்போதும் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறதாம். ஆதாரம் இல்லை. நீக்கினேன். மறுநாள் மறுபடி வந்தது. ஆறு தடவை நீக்கியும் அடங்காததால், எழுதியவரின் பயனர் கணக்கையே முடக்க வைத்தேன். அன்று சாயங்காலம் என் தங்கை வந்தாள். அவள் அந்த இல்லத்தில் நர்ஸ். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எழுதினது நான்தாண்ணா. எழுந்து நடக்க முடியாத பதினாறு பேர் அந்த மாடியில இருக்காங்க. இறங்க ஒரே படிக்கட்டுதான்.”

போனில் சங்கிலியின் படத்தைக் காட்டினாள்.

“நீ எடுத்த படமெல்லாம் ஆதாரம் ஆகாது. பத்திரிகையில வரட்டும், நானே போடறேன்.”

“சரி, என் வரி வேண்டாம். ஒவ்வொரு மாடிக்கும் ரெண்டு வழி இருக்குன்னு போட்டிருக்கே, அதையாவது எடு. சோதனைக்கு வந்த தீயணைப்பு அதிகாரி அதைப் படிச்சுட்டு, மாடி ஏறாமலே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார்.”

அதற்கு ஆதாரம் இருந்தது. நாளிதழின் ஞாயிறு இணைப்பு, நான்காம் பக்கம். சொன்னேன்.

“உனக்கு நான் தங்கச்சி இல்ல. அந்தப் பக்கம்தான் தங்கச்சி,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினோரு வருட உழைப்பை ஒருத்தி இப்படித் தூக்கியெறிந்து பேசினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

விசாரணைக்கென்று நீங்கள் கேட்பதால் இதையும் சொல்கிறேன். அந்த வாக்கியத்தை முதலில் எழுதியவன் நான். தெருவில் நின்று பார்த்தபோது இரண்டு படிக்கட்டுகள் தெரிந்தன, எழுதினேன். மேற்கோள் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் அந்த இணைப்புக்காரர்கள் அதை வரிக்கு வரி எடுத்துப் போட்டார்கள். ஒரு நன்றிகூட இல்லை, எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பிறகு அவர்கள் கட்டுரையையே என் வாக்கியத்துக்கு அடிக்குறிப்பாக வைத்தேன். தெரிந்தேதான் வைத்தேன். தங்கை படத்தை நீட்டியபோதும் அது எனக்குத் தெரியும்.

போன மாதம் சமையலறையில் பிடித்த தீ முன்படிக்கட்டு வழியாக ஏறியது. பதினாறு பேரும் போனார்கள். ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வரை வந்த என் தங்கையும் போனாள். சாவி கீழே அலுவலகத்தில் இருந்தது.

மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் சங்கிலியைப் பற்றி வந்தது. அவளுடைய வரியை முதல் ஆளாகச் சேர்த்தது நான்தான், மூன்று மேற்கோள்களோடு. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான்.

இறந்தவர்கள் பட்டியலில் அவள் வயதை நாற்பத்தொன்று என்று போட்டிருக்கிறார்கள். பொறுப்பற்றவர்கள். அவளுக்கு முப்பத்தெட்டுதான். பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை என் மடியில்தான் வைத்தார்கள். ஆனால் நான் பார்த்தது ஆதாரம் ஆகாதே, ஐயா. நாற்பத்தொன்று என்றே போட்டிருக்கிறேன்.