தும்மிய எரிமலை

கொஞ்சம் நிமிந்து உக்காருங்க... குட்டியா ஒரு கதை இருக்கு, சொல்லிடறேன்.

நாமக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அங்க அறிவியல் கண்காட்சி. நாலாங்கிளாஸ் படிக்கிற இலக்கியாவுக்கு எரிமலை செய்யணும்னு ஆசை. செஞ்சது யாரு? இலக்கியாவா? அவங்கப்பா தனசேகரு. அட்டை வெட்டினது அப்பா, பெயிண்ட் அடிச்சது அப்பா. புள்ள கிட்ட வந்தா, "நீ கை வெக்காத பாப்பா... கெட்டுப்போயிடும்." பாவம் அந்தப் பொண்ணு, ஒரு தடவையாவது தானா ஏதாவது செஞ்சு பாக்கணும்னு மனசு கெடந்து ஏங்குது.

கண்காட்சி அன்னிக்கு அப்பா எங்க? மேசைக்கு அடியில. சுத்தித் துணி தொங்குது. உள்ள அப்பா, கையில சைக்கிள் பம்பு. அவர் அடிச்சா எரிமலை வாயிலருந்து குங்குமம் புஸ்ஸுன்னு வரும். அதான் நெருப்புக் குழம்பு. இலக்கியாவுக்கு என்ன வேலை? சும்மா நிக்கிறது.

நடுவரா ஒரு பேராசிரியர் அம்மா வந்தாங்க. எரிமலை புஸ்ஸுன்னு கக்குச்சு. கக்கிட்டு... "அச்ச்".

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாங்க. "ஏம்மா, எரிமலை தும்முமா?"

"தெரியல மேடம். ஆனா எப்பத் தும்மும்னு தெரியும்."

மேசைக்கு அடியில அப்பா காதைத் தீட்டிக்கிட்டாரு.

"எப்பத் தும்மும்?"

"கக்கினதும் அந்த ஸ்டாண்டு ஃபேன் இந்தப் பக்கம் திரும்பினா தும்முது. அந்தப் பக்கம் திரும்பினா இல்ல. காத்துதான் குங்குமத்தைத் துணிக்குள்ள தள்ளுது. காலையிலருந்து எண்ணிட்டே இருக்கேன் மேடம்."

"அப்ப ஃபேனை நிறுத்தினா?"

"நின்னுடும்னு நெனைக்கிறேன்... நிறுத்திப் பாக்கலாமா?"

நிறுத்தினாங்க. புஸ்... தும்மல் இல்ல. போட்டாங்க. புஸ்... "அச்ச்". மறுபடி நிறுத்தினாங்க... இல்ல. மறுபடி போட்டாங்க... "அச்ச், அச்ச்". மத்த புள்ளைங்க எல்லாம் ஓடி வந்து வரிசை கட்டி நிக்குது, "எனக்கு ஒரு தடவை மேடம்"னு. தனசேகரு நெலமைய நெனச்சுப் பாருங்க... வெளிய வரவும் முடியல, பம்பை விடவும் முடியல.

முதல் பரிசு இலக்கியாவுக்கு. அப்பா மேசைக்கடியிலருந்து தவழ்ந்து வந்தாரு, உச்சியிலருந்து பாதம் வரைக்கும் செவப்பா. "பாத்தியா பாப்பா, அப்பா செஞ்ச எரிமலை ஜெயிச்சிருச்சு."

"எரிமலை இல்லப்பா... நீங்க தும்மினதுதான் ஜெயிச்சுது."

சிரிக்கிறீங்க... பசை காயாத விரலோட எத்தனை அப்பா அம்மா இங்க உக்காந்திருக்கீங்க? கையை மறைக்காதீங்க, மேடையிலருந்து தெரியுது. அந்தப் பொண்ணு மூளை எப்ப வேலை செஞ்சுது? அப்பா எல்லாத்தையும் செஞ்சு குடுத்தப்பவா? இல்லீங்க... ஒரு கோளாறு வந்துச்சு, அப்பாவால வாயைத் திறக்க முடியல, வேற ஒருத்தங்க கேள்வி கேட்டாங்க, கேட்டுட்டுப் பொறுமையா நின்னாங்க. அவ்ளோதான் நடந்துச்சு.

உங்க புள்ள செய்யறது கோணலா இருக்கட்டும், ஒழுகட்டும், கவுந்து விழட்டும். "செஞ்சு பாக்கலாமா"ன்னு கேட்டா... பாக்கலாம்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அதுங்க நம்ம மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்குதுங்க.