பெரியண்ணரின் பேச்சு

“செத்த பிறகுதான் எங்கடை சின்னண்ணர் ஆம்பிளையானவர்.”

புதுக்குடியிருப்புக்குப் போகும் பஸ்ஸில், டீசல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய அதன் புகைக்கு நடுவே, முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். தமையனை அடக்கம் செய்துவிட்டு வருகிறாள் என்பது கறுப்புச் சேலையிலும் பேச்சிலும் தெரிந்தது. பக்கத்தில் அயல்வீட்டுக்காரி.

“ஏன் அக்கா? குடும்பத்துக்காகவே வாழ்ந்த மனிசன் எண்டு செத்தவீட்டிலை உங்கடை பெரியண்ணர் எவ்வளவு வடிவாப் பேசினவர்!”

“பேசுவார். தன்ரை மனிசி வருத்தமாய்ப் படுக்கையிலை கிடக்கேக்கை சின்னண்ணர் சீலை தோய்ச்சவர், பிள்ளையளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவர். அதுக்குப் பெரியண்ணர் கடற்கரையிலை எல்லாருக்கும் முன்னாலை ‘பொம்பிளை’ எண்டு கூப்பிட்டுச் சிரிச்சவர்.”

“அது பகிடிக்கு...”

“இடம்பெயரேக்கை அம்மாவைச் சைக்கிளிலை இருத்தி உருட்டிக்கொண்டு வந்ததும் சின்னண்ணர்தான். பெரியண்ணற்றை ட்ரக்டரிலை அலுமாரிக்கு இடமிருந்தது, அம்மாவுக்கு இல்லை.”

“நீங்களும் அவர் பேசேக்கை அழுதனீங்கள்தானே?”

“ஆத்திரத்திலை அழுதனான். தன்ரை பேச்சுக்குத்தான் அழுகிறன் எண்டு நினைச்சு, தன்ரை லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடையெண்டு நீட்டினார்.”

“வாங்கினனீங்களோ?”

“ஓம். நல்லா மூக்கைச் சிந்திப்போட்டுத் திருப்பிக் குடுத்தனான்.”