பேர்னாட்டின் காது

கொழும்பில் பாட்டு ஒலிப்பதிவு செய்ய உகந்த நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். சோறு உள்ளே போனதும் கொட்டாஞ்சேனை கொஞ்சம் கண்ணயரும். ஓட்டோக்காரர்கள் நிழல் தேடி ஒதுங்குவார்கள், பஸ் கொண்டக்டர்களின் தொண்டையும் இறங்கிவிடும். பாடகர்களுக்குத்தான் அந்த நேரம் பிடிக்காது. வயிறு நிறைந்தால் மூச்சு இழுக்க முடியவில்லை என்று முறைப்பாடு செய்வார்கள். பாடி முடித்துவிட்டுச் சாப்பிடலாம், வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். யதுஷாவுக்கும் அன்று அதைத்தான் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்களே, அது நல்லதாகப் போயிற்று. உங்கள் சார்ஜன்ட் நல்ல மனிதர்தான். ஆனால் கேள்வியைப் பாதி வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். இந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் கதைக்கிறார்கள். வீட்டில் என் மனைவி மாக்ரெட்டும் அதே பழக்கத்துக்கு வந்துவிட்டாள்.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். இந்த நகரத்தில் வெளிவந்த நல்ல இசைத்தட்டுகளில் பாதி என் ஸ்டூடியோவில் பதிவானவை. பிள்ளையார் பாட்டு, மாதா பாட்டு, கலியாண வீட்டுப் பைலா, எதுவானாலும் சரி. வெள்ளவத்தைக் கடைகளில் வாங்குகிறவர்கள் பாடகரின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி என் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் பேர்னாட்டின் காதுக்குத் தப்பாது என்று பாட்டுக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு வீடு வாசல் பெரிதாக இல்லை. அந்தப் பெயர்தான் இருந்தது. அது போனால் நான் வெறும் வயர் சுற்றுகிறவன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாட்டெல்லாம் முடிந்ததும் கீழே ரிஸ்கானின் ஓட்டோவில் போட்டுக் கேட்போம். ஸ்டூடியோ ஸ்பீக்கர் முகஸ்துதி செய்யும், ஓட்டோ ஸ்பீக்கர் செய்யாது. ஊர் முழுக்க ஓட்டோவில்தான் பாட்டுக் கேட்கிறது, அதில் நன்றாக இருந்தால் எங்கேயும் நன்றாக இருக்கும். ரிஸ்கானுக்கும் என் வயதுதான். வாடகைக்குப் பதிலாக முதலில் கேட்கிற பெருமை போதும் என்பான்.

யதுஷா வெள்ளவத்தைப் பிள்ளை. கம்பஸில் கடைசி வருடம். கோயில் பாட்டும் பாடுவாள், தேவாலயப் பாட்டும் பாடுவாள். எந்தச் சாமியும் குறை சொல்லாத குரல். திருவிழாவுக்காக நாங்கள் செய்த மாதா பாட்டு இசைத்தட்டில் முக்கால்வாசி அவள்தான். அதை ஓட்டோவில் போட்டதும் அவள் முகம் சுளித்தாள்.

"அங்கிள், பின்னால ஒரு விசில் மாதிரிக் கேக்குது. சரியான மெல்லிசா. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"எனக்கொண்டும் கேக்கல்லயே தங்கச்சி," என்றான் ரிஸ்கான். "பாட்டு தேன் மாதிரி ஈக்கிது."

நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பிள்ளை விடுகிற ரகம் இல்லை. மேலே வந்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் மாதா சொரூபத்துக்கு மாக்ரெட் சுற்றிவைத்த மின்னுகிற லைட் மாலையைக் கண்டுபிடித்தாள். புறக்கோட்டையில் மலிவாக வாங்கியது. அதன் இரைச்சல்தான் வயருக்குள் இறங்கியிருக்கிறது என்றாள். சுவிட்சைப் போட்டாள், நிற்பாட்டினாள். "இப்ப இருக்கு. இப்ப இல்லை." நான் தலையாட்டினேன். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்று, சுவிட்சையும் மாலையையும் மறைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப இருக்கோ, இல்லையோ?"

"இல்லை மகள்," என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் லைட் மாலை மின்னிக்கொண்டிருந்தது. அந்த நேரம் அவள் கேலி செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். கேலியை நான் தாங்குவேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், போன வருசத்து இசைத்தட்டுகளிலயும் இது இருக்குது. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ. அதுவரைக்கும் நான் உங்களுக்குப் பக்கத்தில இருந்து கேட்டுச் சொல்லுறன். ஒருத்தருக்கும் தெரிய வராது."

அவளுடைய நல்ல மனதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பேர்னாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து, இருக்கு, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்? மற்றவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. பக்திப் பாட்டு காசு கொடுத்து வாங்குகிறவர்கள் எல்லாம் என் வயதுக்காரர்கள், அவர்களுக்கு அந்த விசில் கேட்டிருந்தால் எப்போதோ கடிதம் போட்டிருப்பார்கள். முழுக் கொழும்பிலும் ஒரே ஒரு சோடிக் காதுதான் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. சோலி சின்னதுதான் என்று அப்போதே எனக்கு ஆறுதலாகிவிட்டது.

சனிக்கிழமை ஒரு வரியைத் திருப்பிப் பாட வேண்டும் என்று கூப்பிட்டேன். அவளுடைய அம்மா ரஜனியும் வர இருந்தார். வேண்டாம் ரஜனி, அரைமணி வேலைதானே, ரிஸ்கான் வீட்டில் கொண்டுவந்து விடுவான் என்றேன். காலையிலேயே சுவரில் உள்ள பெரிய ஸ்பீக்கருக்குப் போகிற இணைப்பைக் கழற்றி, அவள் போடப்போகிற ஹெட்போனில் கொடுத்துவிட்டேன். காதை நன்றாக மூடிக்கொள்கிற ஹெட்போன். என் ஸ்டூடியோவில் பாடகர் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதில்லை, அது என் வேலை. எவ்வளவு பெரிய பாடகரானாலும் நான் கையை உயர்த்தும்வரை கண்ணை மூடி நிற்பார். அந்த நம்பிக்கை வேறெங்கும் கிடையாது.

அவள் உள்ளே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்டினாள். முதலில் பாட்டை மெதுவாக விட்டேன். அவள் கண்ணை மூடினாள். பிறகு அந்த விசிலையே விட்டேன். மாலையிலிருந்து தனியாகப் பதிவுசெய்து வைத்திருந்தேன். வேறு சத்தம் எதையும் விட எனக்கு மனம் வரவில்லை. இருக்கிறது என்று சொன்னவள் அவள்தான், அது எவ்வளவு இருக்கிறதென்று அவளே பார்க்கட்டும். சத்தத்தை அளக்கிற ஊசி எந்த இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், இந்தத் தொழிலில் எனக்கு முடி நரைத்துவிட்டது. அந்த இடத்துக்கு ஒரே தள்ளாகத் தள்ளினேன். அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறியக் கண் இமைக்கிற நேரம்தான் எடுத்தது. அது போதும்.

தவறுதலாக நடந்தது என்று எழுதச் சொல்லி என் லோயர் சொன்னார். நான் அப்படி எழுத மாட்டேன். தவறுதலாகக் கை படுகிறவன் என்று பெயரெடுக்க எனக்கு விருப்பமில்லை. தெரிந்துதான் செய்தேன், அளந்துதான் செய்தேன்.

வலது காது முற்றாகப் போய்விட்டது என்றும், இடதில் கொஞ்சம் இருக்கிறது என்றும் டொக்டர் சொல்லியிருக்கிறாராம். அந்த விசில் மட்டும் அவளுக்கு இப்போது எந்நேரமும் கேட்கிறதாம். நித்திரை இல்லையாம். இதைச் சொல்லி ரஜனி உங்கள் வாசலில் அழுததைப் பார்த்தேன், எனக்கும் மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவளுடைய குரலை நான் தொடவில்லை. அதில் மிகவும் கவனமாக இருந்தேன். அப்படி ஒரு குரல் தலைமுறைக்கு ஒன்றுதான் வரும். சுருதி தெரியாமல் எப்படிப் பாடுவாள் என்று நீங்கள் கேட்கலாம். நான் பக்கத்தில் இருந்து கேட்டுச் சொல்லுவேன்.

ரிஸ்கானின் வாக்குமூலத்தில் ஒரு இடம் மட்டும் பிழை. அவளைக் கூட்டிப்போக மாடிப்படி ஏறி வந்தானாம். பாதிப் படியிலேயே அவள் அலறியது கேட்டதாம். கதவைத் திறந்தபோது அந்த அலறல் மேசைக்கு மேலே உள்ள சின்ன ஸ்பீக்கரில் அறையை நிரப்பிக்கொண்டிருந்ததாம், நான் அதற்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்தேனாம். அவனுடைய ஸ்நேகத்துக்காகப் பொய் என்று சொல்லமாட்டேன். அவள் வாயைத் திறந்தாள், உண்மை. நெடுநேரம் திறந்தே வைத்திருந்தாள். ஆனால் சத்தம் எதுவும் வரவில்லை. ஒரு மீற்றர் தூரத்தில் இருந்தவன் நான். ஓட்டோ இரைச்சலில் காலம் தள்ளுகிறவன் கேட்டேன் என்கிறான், அதை நீங்கள் நம்புகிறீர்கள். வந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும் ஐயா.