ஓய்வுநாள் காத்த கோழி

மாண்பு நிறைந்த தலைவர் அவர்களே, மறைமொழி ஓதும் போதகர் ஐயா அவர்களே, மூத்தோரே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்த அன்னையரே, கோப்பாய் மாதர் சங்கத்துச் சகோதரிகளே, வணக்கம்.

படைப்பிலும் மறையிலும் பரமனை அறிவது பற்றிப் பேசப் பணித்தீர்கள். மலையைப் பேசவா? நம் ஊர்ப்பக்கம், பெயரில் மலை வைத்திருக்கும் கீரிமலையிலும் மலை இல்லை. மாகடலைப் பேசவா? அது கப்பலோட்டும் வல்வெட்டித்துறையாருக்குச் சொந்தம். ஆகவே என் கோழியைப் பேசுகிறேன். ஓம் அக்கா, அதே வெள்ளைக் கோழிதான்.

ஞாயிறன்று இடும் முட்டை ஆண்டவருக்கு என்பது நம் சபை வழக்கம். என் கோழியோ கிழமையெல்லாம் இடும், ஞாயிறன்று மட்டும் இடாது. மூப்பர் அருட்பிரகாசம் அவர்கள், இதோ தலைமை வகிக்கிறாரே அவரேதான், வீடு தேடி வந்தார்.

"பிள்ளை, முட்டையை ஒளிச்சுப்போட்டீரோ?"

"இல்லை ஐயா. கோழி ஓய்வுநாள் காக்குது."

"வேதம் படிக்காத கோழிக்கு என்ன ஓய்வுநாள்? வாற ஞாயிறு நானே இருந்து பாக்கிறன். இட்டால் நீர் கள்ளி. இடாட்டி கோழி கள்ளி. அப்ப அதை அறுப்பின் பண்டிகைச் சமையலுக்குத் தாரும்."

என் மானம் ஒருபுறம், கோழியின் உயிர் மறுபுறம். எதை விடுவேன் நான்?

ஞாயிறு வந்தது. மணி அடித்தது. மூப்பர் கூட்டுக்குப் பின்னால் குந்தினார்.

"முன்னாலை வராதேங்கோ மூப்பர், அது வெக்கப்படும்" என்றார் என் கணவர் யாகோப்பு.

நான் கோவிலுக்குப் போனேன். வேதபாடம் வாசிக்கும் மூப்பர் எங்கே என்று போதகர் ஐயா தேடினார்.

"என்ரை கோழிக்குப் பின்னாலை, ஐயா" என்றேன்.

"அப்ப நீரே வாசியும்."

எழுத்துக்கூட்டித் தானாகவே படித்த நான் வாசித்தேன். எந்த அதிகாரம்? ஆண்டவர் ஆறு நாள் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்த அதிகாரம்.

வீடு திரும்பினால் மூப்பர் வியர்த்து நிற்கிறார். "இடேல்லை. கத்தியை எடும்."

"எடுக்கிறன் ஐயா. இண்டைக்கு ஓய்வுநாளிலையோ?"

யோசித்தார். "நாளைக்கு வாறன்" என்றவர், சால்வையைக் கூட்டிலே மறந்து போனார்.

மறுநாள் அவர் வந்து பார்த்தால் சால்வையின் நடுவே சூடாய் ஒரு முட்டை.

"முட்டை திங்கட்கிழமைதான்" என்றார் மூப்பர், "ஆனால் சால்வை ஞாயிற்றுக்கிழமையது. ஆனபடியால் ஆண்டவருக்கு. கோழியை விடும்."

சிரியுங்கள் சகோதரிகளே, பிறகு சிந்தியுங்கள். வேதம் யார் கையில் இருந்தது? நம் கையில். கீழ்ப்படிதல் எங்கே இருந்தது? கூட்டுக்குள்ளே. படைப்பு ஓய்ந்திருந்தது, படித்தவர் காவலிருந்தார். மறையை வாசிப்போம், வாசித்ததை வாழ்கிற உயிரையும் வாசிப்போம்.

தலைவர் சால்வையைச் சரிசெய்கிறார், நேரமாயிற்று. பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கு நன்றி. கோழிக்குக் கிடைத்த இளைப்பாறுதல் உங்களுக்கும் உண்டாவதாக. வணக்கம்.