ஃபிரிட்ஜின் மேல்தட்டு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் நான் மீன் வைக்க விடுவதில்லை, டாக்டர். அது என் மகன் வினோத்ராஜின் ஊசி மருந்துக்கான இடம். மருமகள் ஷெரின் குமுளியில் வளர்ந்தவள், மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் குடம்புளி போட்ட குழம்பை அந்தத் தட்டில் வைத்துவிட்டாள். நான் சத்தம் போடவில்லை, எடுத்துக் கீழே வைத்தேன். மருந்து விஷயத்தில் நான் எவ்வளவு கவனம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மருந்து என்ன செய்யும் என்று எனக்கு விளக்கியதே நீங்கள்தான். முதல் தடவை மதுரைக்கு வந்தபோது ஒரு தாளில் ரத்தக்குழாய் வரைந்தீர்கள். வெள்ளை அணுக்கள் அதன் சுவரை ஒட்டி உருண்டு வரும், ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும், இடுக்கில் நுழைந்து குடலுக்குள் இறங்கும். கிருமி வந்தால் அடிக்க வேண்டிய காவல்காரர்கள் அவர்கள். இவனுக்கோ கிருமி இல்லாமலே கூட்டம் கூட்டமாக இறங்கிக் குடலைப் புண்ணாக்குகிறார்கள். "வேலியே பயிர மேயுற கதைதாம்மா" என்றீர்கள். ஊசி போட்டால் அவர்கள் குடலின் வாசலிலேயே நின்றுவிடுவார்களாம். காவல்காரனை வெளியே நிறுத்திவிட்டால் வீட்டுக்கு யார் காவல் என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊசி வேலை செய்தது, அதை மறைக்க மாட்டேன். அதற்கு முன் அவனுக்கு எல்லாமே நான்தான். சோற்றைக் குழைய வடித்துக் கொடுத்தேன். கக்கூஸ் வாசலில் காத்து நின்றேன். ரத்தம் பட்ட துணியை யார் கண்ணிலும் படாமல் அலசினேன். போடி பஜாரில் எங்கள் ஏலக்காய்க் கடையையும் பார்த்துக்கொண்டேன். ஷெரின் வீட்டிலேயே ஊசி போட ஆரம்பித்ததும் தேறினான், கன்னத்தில் சதை வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"அம்மா, தேனியில வீடு பாத்துட்டோம். இவ பேங்குக்கும் பக்கம். இனி என்னப் பத்தி நீங்க கவலப்பட வேணாம்."

"கவலப்படாம இருக்க நீ என்னலே அடுத்த வீட்டுப் பிள்ளையா?"

"வாரா வாரம் வருவோம்ல அத்தை" என்றாள் ஷெரின்.

வாரா வாரம், விருந்தாளி மாதிரி. வயிறு எரிந்தது எனக்கு. பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் மறுக்க மாட்டேன். அவள் மேல் அன்றுதான் சந்தேகம் விழுந்தது. அவனைத் தேற்றித் தூக்கிக்கொண்டு போகத்தான் இத்தனை நாள் ஊசி போட்டிருக்கிறாள்.

அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவளைக் கவனித்தேன். "அத்தை, மருந்த வெளிய வச்சிராதீக, சூடு பட்டா வீரியம் போயிரும்" என்று அடிக்கடி சொல்வாள். ஏலக்காய் விற்கிறவளுக்குச் சொல்லித் தர வேண்டுமா? எங்கள் மாடித் தகரக் கொட்டகையில் மூட்டை கிடந்தால் காய் தோல் பச்சையாகவே இருக்கும். உரித்து முகர்ந்தால்தான் வாசம் செத்தது தெரியும். காய் வாங்க வருகிறவர்கள் உரித்துப் பார்ப்பார்கள். ஊசி மருந்தை அப்படி யாரும் பார்ப்பதில்லை.

அவர்கள் வேலைக்குப் போனதும் மருந்துப் பெட்டியை அந்தக் கொட்டகையில் கொண்டுபோய் வைப்பேன். வெயில் இறங்கியதும் மேல்தட்டில் அதே மூலைக்கு வந்துவிடும். புது மருந்து வாங்கி வந்த ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஜெபம் பண்ணாமல் நான் அதைத் தொட்டதில்லை. குத்தியது ஷெரின் கைதான்.

கொஞ்சம் வயிற்றுப்போக்கு வரும், வீடு மாறுவதைத் தள்ளிப்போடுவான் என்றுதான் நினைத்தேன். தள்ளிப்போட்டான். திரும்பவும் எதற்கெடுத்தாலும் என்னைக் கூப்பிட்டான். நல்ல நாட்கள் அவை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், "அந்தப் புள்ள சோத்துல என்னத்தப் போடுதோ" என்று என் காதைக் கடித்தார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஷெரின் அழுதுகொண்டே மீன் குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டாள். பாவம்தான்.

பிறகு குடல் ஓட்டையாகிவிட்டது. எவ்வளவு நீளம் வெட்டி எடுத்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வெள்ளை அணுக்களைக்கூட நான் திட்டவில்லை, காக்கத்தானே ஓடி வந்தன. ஆனால் மருந்து ஏன் கேட்கவில்லை, வீட்டில் அதை எப்படி வைத்திருந்தாய் என்று நீங்கள் ஷெரினைக் குடைந்தது சரியில்லை. என்ன இருந்தாலும் எங்கள் வீட்டுப் பெண். அதனால்தான் கதவைச் சாத்திவிட்டுச் சொல்கிறேன். மருந்தைக் கெடுத்தது நான்.

போலீசுக்குச் சொல்வதென்றால் சொல்லிக்கொள்ளுங்கள். வினோத்ராஜ் கண் விழித்ததும் முதலில் கேட்டது, "அம்மா எங்க?" காயம் ஆறியதும் மறுபடி அதே ஊசிதான் என்று நர்ஸ் சொன்னாள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், டாக்டர். புதுப் பெட்டியை ஷெரினிடம் கொடுக்காதீர்கள். எந்தத் தட்டில் எதை வைப்பது என்று அவளுக்குத் தெரியாது. என்னிடம் கொடுங்கள். அவன் மருந்தை என்னைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?